பின்னிருக்கையில் அமர்ந்தவன்



மோட்டார் சைக்கிள் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அதனை ஓட்டுபவரைப் பற்றியவை. அவருக்குப் பின்னால் அமர்ந்து நூறு கல், இருநூறு கல் தொலைவு செல்பவரைப் பற்றிப் பேசுவோர் அரியர். அவரைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற ஒரு சொல்லும் இல்லை. 'பின்னால் உட்கார்ந்து வருபவர்' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் 'பில்லியன்' என்றொரு சொல் உண்டு. தோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லொன்று ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி வழியாக ஆங்கிலம் புகுந்து, குதிரைச் சேணத்தின் பின்னே பெண்கள் அமர்வதற்காகப் போடப்பட்ட மெத்தையைக் குறித்தது. குதிரை போய் எந்திரம் வந்த பிறகும் அச்சொல் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. அமர்பவருக்கெனப் பெயர் பிறக்கவில்லை. அவர் அமர்ந்த மெத்தையின் பெயரே அவருக்கும் ஆயிற்று.

பின்னிருக்கையில் அமர்ந்த ஒருவனை நூல் முழுவதும் உடன் கொண்டுசெல்லும் படைப்பு ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக் எழுதி 1974இல் வெளிவந்தது அது. 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 121 பதிப்பகங்கள் மறுத்த பின்னரே அந்நூல் அச்சேறியது. 1968ஆம் ஆண்டுக் கோடையில் பிர்சிக் தம் மகன் கிறிஸ் என்னும் பதினொரு வயதுச் சிறுவனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, மின்னசோட்டா மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வரை மேற்கொண்ட பயணமே நூலின் முதுகெலும்பு. வண்டி 305 சி.சி. ஆற்றலுள்ள ஹோண்டா. இன்றைய கணக்கில் சிறிய வண்டிதான். அதில் இருவர், இருவருக்கும் வேண்டிய மூட்டை முடிச்சுகள், இரண்டாயிரம் கல்லுக்கு மேற்பட்ட சாலை.

அந்நூல் பெரிதும் தத்துவ நூலாகவே படிக்கப்பட்டு வந்துள்ளது. 'தரம்' என்பது யாது, எந்திரத்தை வெறுப்பவனும் அதனைப் புரிந்துகொள்பவனும் எங்கே பிரிகின்றனர் என்பன அதன் வினாக்கள். பெரிய வினாக்கள்தாம். ஆயினும் அப்படிப் படிப்பவர் எல்லாரும் முன்னிருக்கையில் அமர்ந்தே படிக்கின்றனர். பின்னிருக்கையிலிருந்து படிக்கும்போது அது வேறொரு நூலாகிவிடுகிறது.

நூலின் முதல் பக்கங்களிலேயே அதற்கான குறிப்பு உள்ளது. காலை வேளை, சதுப்பு நிலங்களுக்கு இடையே சாலை. சிவந்த தோளுடைய கரும்பறவை ஒன்று பறப்பதைக் கண்ட தந்தை, மகனின் முழங்காலைத் தட்டி அதைக் காட்டுகிறார். மகன் என்னவென்று கத்துகிறான். தந்தை பறவையின் பெயரைக் கத்துகிறார். மகன் ஏதோ சொல்கிறான். காற்றில் அது கேட்கவில்லை. கடைசியில் சிறுவன் தந்தையின் தலைக்கவசத்தைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டு, இப்படிப்பட்ட பறவைகளை நிறையவே பார்த்தாயிற்று என்று உரத்துக் கூறுகிறான். நாற்பது வயதைத் தொடும் ஒருவருக்கு அப்பறவை நினைவுகளைக் கிளர்த்துவது. பதினொரு வயதுச் சிறுவனுக்கு அது வெறும் பறவை. இதை விளக்கிச் சொல்ல அந்த வண்டியின்மேல் வழியில்லை. ஓடும் மோட்டார் சைக்கிளில் உரையாடல் என்பது கூச்சல் அளவில் நின்றுவிடுகிறது.

அகப்பாடல்களில் வினைமுற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனை நோக்கிப் பேசும் துறை இந்த அவையினர் நன்கறிந்தது. அங்கே ஏறிச் செல்பவன் பேசுகிறான், செலுத்துபவன் கேட்கிறான். வழியில் காணும் மானும் முல்லையும் மழைமேகமும் ஏறிச் செல்பவனின் கண்வழியாகவே கவிதைக்குள் வருகின்றன. பூவுண்ணும் வண்டினம் வெருவக்கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிய தலைவனையும் அகநானூறு காட்டுகிறது. மோட்டார் சைக்கிளில் இம்முறை தலைகீழாகிறது. செலுத்துபவரே காண்கிறார், எண்ணுகிறார், நூலும் எழுதுகிறார். ஏறிச் செல்பவனுக்கோ வாய் இருந்தும் பயனில்லை. அந்த எந்திரத்தின் நாவைக் கட்டவும் முடியாது.

பேச்சு இல்லையேல் காட்சியேனும் உண்டா? காரில் செல்பவர் சன்னல் என்னும் சட்டத்தின் வழியே உலகைப் பார்க்கிறார், தொலைக்காட்சி பார்ப்பது போல. மோட்டார் சைக்கிளில் அந்தச் சட்டம் அகன்றுவிடுகிறது என்று பிர்சிக் ஓரிடத்தில் கூறுகிறார். நூலில் மிகுதியும் எடுத்தாளப்படும் கருத்து இது. உண்மைதான், முன்னால் அமர்ந்தவருக்கு. வளர்ந்த ஓர் ஆணின் பின்னே அமர்ந்த சிறுவனுக்குச் சட்டம் அகலவில்லை. அதன் நடுவில் தந்தையின் முதுகு சுவராக எழுந்து நிற்கிறது. பக்கவாட்டில் ஓடும் வயல்கள் உண்டு. எதிரே வருவது எதுவும் இல்லை. தமிழில் முதுகு காட்டுதல் என்பது தோற்று ஓடுவதைக் குறிக்கும். நாள் முழுவதும் மகனுக்கு முதுகைக் காட்டி வண்டி ஓட்டும் இந்தத் தந்தையும் ஒன்றிலிருந்து ஓடிக்கொண்டிருப்பவரே என்பது நூல் நகர நகரத் தெரியவரும்.

அதற்குமுன் பின்னிருக்கையில் அமர்பவர் என்ன செய்கிறார் என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒன்றும் செய்வதில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். இருசக்கர வண்டி சாய்ந்தே திரும்புகிறது. வண்டி சாயும்போது பின்னால் இருப்பவர் அஞ்சி எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால், அந்த வளைவைக் கடக்க ஓட்டுபவர் வண்டியை இன்னும் கூடுதலாகச் சாய்க்க நேரும். ஆகவே திரும்பும் பக்கத்தில் உள்ள தோளின் மேலாகப் பார்க்கும்படி பழகியவர்கள் சொல்லித் தருவார்கள். பார்வை அங்கே போனால் உடலும் தானே உடன் சாய்கிறது. பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே சரிந்து ஓட்டுபவரின் முதுகை அழுத்தும். வேகம் எடுக்கும்போது பின்னே இழுக்கும். கியர் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு தலைக்கவசங்களும் மோதிக்கொள்ளக்கூடும். எல்லாவற்றையும் தொடையாலும் பாதத்தாலும் கைப்பிடியாலும் தாங்கிக்கொள்ள வேண்டும். அதுவும் அடுத்து என்ன வரும் என்று அறியாமலே தாங்க வேண்டும். பின்னிருப்பவரின் எடை பின்சக்கரத்தின்மேல் விழுவதால் முன்சக்கரம் இலேசாகிறது. தேர்ந்தவர்கள் அதற்கேற்பப் பின் சுருள்வில்லை இறுக்கி, டயரில் காற்றையும் கூட்டிக்கொள்வர். வண்டிக்கே இரண்டாமவர் இருப்பது தெரிகிறது.

விரைவும் நெடும்பயணமும் ஒருங்கே கருதிச் செய்யப்படும் 'ஸ்போர்ட் டூரிங்' வகை வண்டிகள் வந்தபோது பின்னிருக்கைக்கும் கொஞ்சம் மதிப்பு வந்தது. 1976இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட ஆர்.100 ஆர்.எஸ். அவ்வகைக்கு முன்னோடி, ஓட்டுபவரைக் காற்றிலிருந்து காக்கும் முழுமுகப்பு, காற்றுச் சுரங்கத்தில் சோதித்து அதற்கென வடிவமைக்கப்பட்டது. 1990இல் ஹோண்டாவின் எஸ்.டி.1100 வந்தது. பந்தய வண்டியின் பின்னிருக்கை ஒரு கைக்குட்டை அளவே இருக்கும். அமர்பவரின் முழங்கால்கள் மடிந்து உயர்ந்து நிற்கும். நெடும்பயண வண்டியில் இருக்கை அகன்றது, கால்தாங்கி தாழ்ந்தது, பிடித்துக்கொள்ள இருபுறமும் உறுதியான பிடிகள் அமைந்தன. எனினும் முகப்புக் கண்ணாடி காப்பது முன்னவரைத்தான். பின்னவர் சற்று உயர்ந்து அமர்வதால் பல வண்டிகளில் காற்று அவர் தலைக்கவசத்தில்தான் வந்து மோதும். கிறிஸ் சென்ற ஹோண்டாவில் இந்த வசதிகளும் கிடையா. இருவருக்கும் பொதுவாக ஒரே நீள இருக்கை, அவ்வளவே.

சாய்ந்து திரும்பும் வண்டியில் ஒரு பக்கமாகத் திரும்பி அமர்வது எவ்வளவு கடினம் என்பதைச் சேலை உடுத்து அமரும் தமிழ்ப் பெண்களைக் கேட்டால் தெரியும். இருகால்களும் ஒரே பக்கம். முன்னே வருவதும் தெரியாது, பின்னே போவதும் பாதிதான் தெரியும். வண்டியோடு சேர்ந்து சாயவும் உடலுக்கு இடமில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் வேண்டும் என்கின்றன. 'சாரி கார்டு' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பின்னால் அமர்ந்தவருக்கும் தலை உண்டு என்பது தமிழகச் சாலைகளில் வலியுறுத்தப்படுவதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையும் 2015 ஜூலை முதல் நாளும் தேவைப்பட்டன. இது நிற்க.

பிர்சிக்கின் நூலில் பின்னிருக்கையில் இன்னொருவரும் இருக்கிறார். உடன் வந்த நண்பர் ஜானின் மனைவி சில்வியா. அவர்களுடைய வண்டி பி.எம்.டபிள்யூ. அவர் சிறுவர் அல்லர். கணவரின் தோளுக்கு அப்பால் பார்க்க முடிந்தவர். ஓட்டும் ஆண்கள் இருவரும் சாலையில் கண்ணாயிருக்க, எதிர்த்திசையில் வரிசையாகச் செல்லும் கார்களில் இருந்த முகங்களைச் சில்வியா பார்த்துக்கொண்டே வருகிறார். இளைப்பாற நிறுத்திய இடத்தில் அதைச் சொல்கிறார்: முதலில் வந்தவர் முகத்தில் துயரம், அடுத்தவர் முகத்திலும் அதே, அதற்கடுத்தவர் முகத்திலும் அதே. அது வாரத்தின் முதல் நாள் காலை. அவர்கள் வேலைக்குச் செல்வோர். நூலின் தத்துவ விசாரணைகள் பலவற்றைவிட அந்த ஒரு பார்வை ஆழமானது. கைகள் ஓய்ந்திருந்ததால் கண்களுக்குக் கிட்டியது அது. கவிஞர்கள் இவ்விடத்தை ஊன்றிப் படிக்க வேண்டும்.

சிறுவனுக்குத் திரும்புவோம். கிறிஸ் அடிக்கடி வயிற்றுவலி என்கிறான். காரணமின்றி அழுகிறான், சினக்கிறான், சோர்ந்து கிடக்கிறான். உடலில் நோய் எதுவும் இல்லையென்றும் மனநோயின் தொடக்கமாக இருக்கலாமென்றும் மருத்துவர்கள் கருதியதைத் தந்தை நண்பர்களிடம் தெரிவிக்கிறார். இதே தந்தைதான் வால்வின் மெல்லிய ஓசை மாறினால் அறிந்து சரிசெய்பவர். உயரமான நிலப்பகுதியில் எரிகலவை செறிந்து ஸ்பார்க் பிளக்கில் கரி படிவதைக் கண்டுபிடிப்பவர். இருக்கைக்குக் கீழே உள்ள எந்திரத்தின் ஒவ்வோர் ஒலிக்கும் பொருள் காண்பவருக்கு, அதே இருக்கையில் ஒரு சாண் பின்னால் எழும் அழுகைக்குப் பொருள் தெரியவில்லை. நூலாசிரியர் இந்த முரணை எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. பக்கங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்.

மான்டானா மாநிலத்தின் போஸ்மன் நகரில் நண்பர்கள் விடைபெற்றுத் திரும்புகின்றனர். தந்தையும் மகனும் அங்கே ஒரு மலையேறுகின்றனர். உச்சி நெருங்கும்போது கற்கள் சரியலாம் என்று கூறித் தந்தை இறங்கிவிடுகிறார். மகனுக்குப் பெருத்த ஏமாற்றம். அந்நகர் தந்தையின் பழைய வாழ்வு நிகழ்ந்த இடம். அங்கே கல்லூரியில் கற்பித்தவரும், பின்னர் மனம் சிதைந்து மருத்துவமனையில் மின்னதிர்ச்சிக்கு உள்ளானவரும் அவரேதான். அந்தப் பழைய மனிதரை வேறொருவர் போலாக்கி, 'ஃபீட்ரஸ்' என்று பெயரிட்டு, அவரைத் தொலைவில் நிறுத்தியே கதை சொல்கிறார். கனவில் ஒரு கண்ணாடிக் கதவு வருகிறது, அதன் அப்பால் குடும்பம் நிற்கிறது, மகன் கதவைத் திறக்கச் சொல்லிக் கையசைக்கிறான், கதவு திறப்பதில்லை. பகலில் முதுகு, இரவில் கண்ணாடி.

கலிபோர்னியாவின் கடற்கரைப் பாறைகளருகே, மூடுபனியில், அந்தக் கதவு திறக்கிறது. மீண்டும் பித்துப் பிடிக்கலாம் என அஞ்சும் தந்தை மகனை வீட்டிற்குத் திருப்பி அனுப்பவே எண்ணியிருந்தார். மகன் கேட்பது வேறு: அன்று மருத்துவமனையில் ஏன் கதவைத் திறக்கவில்லை? உண்மையிலேயே பித்துப் பிடித்திருந்ததா? இல்லை என்கிறார் தந்தை. அது தனக்குத் தெரியும் என்கிறான் மகன். பயணம் முழுவதும் அவன் தேடியது அந்தப் பழைய தந்தையைத்தான். முன்னிருக்கையில் இருந்தவர் யாரை மறைத்துக்கொண்டு வந்தாரோ அவரைப் பின்னிருக்கையில் இருந்தவன் அறிந்தே வந்திருக்கிறான். 1999இல், வெள்ளிவிழாப் பதிப்பின் முன்னுரையில், கதைசொல்லியின் கூற்றை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்று பிர்சிக்கே எச்சரித்தார். பின்னிருக்கையிலிருந்து படிப்போருக்கு அவ்வெச்சரிக்கை கால் நூற்றாண்டுக் காலம் தேவைப்பட்டிருக்காது.

அதன் பின்னர் இருவரும் தலைக்கவசங்களைக் கழற்றிவிட்டுச் செல்கின்றனர். கத்தாமலே ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கிறது. வளர்ந்த பின் தனக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் கிடைக்குமா என்று கேட்கிறான் கிறிஸ். அதற்குச் சற்று முன்பே, கால்தாங்கிகளின்மேல் ஊன்றி, தந்தையின் தோள்களைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்கிறான். எல்லாமே வேறாகத் தெரிகிறது என்கிறான். இதுவரை அந்தத் தோள்களுக்கு மேலாக அவன் எதையும் பார்த்ததில்லை. இத்தனை நாளும் மகன் பார்த்துவந்தது தன் முதுகை மட்டுமே என்பது தந்தைக்கும் அப்போதுதான் உறைக்கிறது. எத்தனையோ தத்துவங்களைத் துருவிய நூல், இருக்கையின் உயரக் குறைவு பற்றிய இந்த எளிய செய்தியைக் கடைசிப் பக்கங்கள்வரை காத்துவைத்திருந்தது.

1979 நவம்பரில், சான் பிரான்சிஸ்கோவில், தான் பயின்றுவந்த ஜென் மையத்தின் அருகே, வழிப்பறிக்காரர்களால் கிறிஸ் குத்திக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 22. 1984இல் நூலுக்குச் சேர்த்த பின்னுரையில் தந்தை அதனை எழுதினார். மகன் எங்கே போனான் என்ற கேள்வியை எந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது போலவே பிரித்துப் பிரித்துக் கேட்டுப் பார்த்தார். பிர்சிக் 2017இல் மறைந்தார். அந்த ஹோண்டா 2019இல் அவர் குடும்பத்தாரால் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திற்கு அளிக்கப்பட்டது.