பழைய மும்முனை இணைப்பும் எர்த்தும்

(நலப்பணிக் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)



முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். ஒரு பழைய பள்ளிவாசலுக்குத் தண்ணீர் மோட்டார் வாங்கிக் கொடுத்தோம். துஆ ஓதி சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். எர்த் இருக்கிறதா என்று கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஒளுச் செய்ய வந்த பெரியவர் ஒருவர் குழாயைத் தொட்டதும் ஷாக் அடித்து விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார்.

பார்த்தால், மோட்டாரின் எர்த் ஒயரைப் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். மண்ணுக்குள் இருந்த குழாயைப் பிற்பாடு பிவிசியாக மாற்றியபோது இதை யாரும் கவனிக்கவில்லை. மேலே மிஞ்சிய இரும்புக் குழாய்க்குப் பூமியோடு தொடர்பு அறுந்துபோனது. மோட்டாரில் கசிந்த மின்சாரம் அதில் வந்து நின்றது.

மும்முனை இணைப்பில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் என நான்கு கம்பிகள் வரும். பேஸ்களுக்கு இடையில் சுமார் 400 வோல்ட். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட். நியூட்ரல் டிரான்ஸ்பார்மரிலேயே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த்தோ நம் கட்டடத்தில் நாம் போட வேண்டியது. அந்தக் காலத்தில் குழி தோண்டி, இரும்புக் குழாயை நட்டு, உப்பும் கரியும் போட்டு மூடினார்கள். காலப்போக்கில் உப்பு கரைந்துவிடும்; குழாய் துருப்பிடிக்கும்.

"ஃபியூஸ் இருக்கிறதே" என்பார்கள். எர்த்தின் தடை 10 ஓம் என்றால், 230 வோல்ட்டில் 23 ஆம்பியருக்கு மேல் பாயாது. 32 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு உருகாது. மோட்டாரின் உடல் மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். ஆகவே எர்த்தோடு ஆர்சிசிபியும் வேண்டும். ஒளுச் செய்யும் இடத்துக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிப்பதைப் போடுங்கள்; மும்முனைக்கு நான்கு போல் உள்ளது தேவை.

இன்னொன்று. எர்த் இல்லை என்று நியூட்ரலையே இரும்புப் பெட்டியில் கட்டிவிடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், அதோடு கட்டிய இரும்பெல்லாம் ஷாக் அடிக்கும். ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிடவும் சொல்லாதீர்கள். அது கசிவைக் காட்டிக்கொடுக்கிறது.

பள்ளிவாசல், மத்ரஸா, திருமண மண்டபம் எதுவானாலும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தின் தடையை அளக்கச் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை, கோடையில். மழையில் மண் ஈரமாக இருப்பதால் அளவு நல்லதாகவே தெரியும். மும்முனை மோட்டாருக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் ஒயர் இருக்க வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வக்பு கட்டடம் நம் கையில் உள்ள அமானத். அங்கே வெறுங்காலோடும் ஈரக்கையோடும் வருகிறவரின் உயிரும் அப்படித்தான். இனி எர்த்தை அளக்காமல் எந்த மோட்டாரையும் கொடுக்கமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.