வாசல் மிதியடியும் தானே பெருக்கும் எந்திரமும்



அழுக்கை வாசலிலேயே தடுப்பது தென்னைநார் மிதியடி. 1859இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் தொழிற்சாலை நிறுவிய காலந்தொட்டு அது கடல் கடந்து விற்கப்படுகிறது. தமிழ்நாட்டு நாரும் கேரளத் தொழிலாளரின் உழைப்பும் இன்று அதில் கலந்துள்ளன.

அதை மிகுதியாக வாங்கும் அமெரிக்காவில், 2002இல் ரூம்பா எனும் எந்திரம் அறிமுகமான பின்னர், கைப்பேசிக்குக் கட்டுப்பட்டுத் தானே தரையைப் பெருக்கும் எந்திரங்கள் பரவின. இதைக் காட்டி, நாருக்கு எதிர்காலமில்லை என்று கூலியைக் குறைக்க மூலதனம் முனையும். அது பொய்வாதம். எந்திரம் உள்ளே வந்த தூசியை உறிஞ்சுமேயன்றிக் காலணிச் சேற்றை வாசலில் நிறுத்தாது. 2025 ஆகஸ்டில் ஏற்றுமதியைத் தாக்கியது எந்திரமன்று. அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் மீது விதித்த 50 விழுக்காட்டுச் சுங்கவரி.

அவ்விழப்புக்கு ஈடாக அரசிடம் சலுகை கேட்க ஏற்றுமதியாளருக்கு வழியுண்டு. கயிறு திரிக்கும் பெண்ணுக்கோ வேலைநாள் குறைவதே மிச்சம்.

எந்திரம் தொழிலாளியின் பகையன்று. தறியிலும் இராட்டையிலும் மின்விசை புகட்டும். அதன் பயன் கூட்டுறவுச் சங்கங்களைச் சேரட்டும். ஏற்றுமதிச் சலுகை பெறும் ஒவ்வொரு நிறுவனமும் குறைந்தபட்சக் கூலியையும் வேலைநாளையும் உறுதிசெய்ய வேண்டும் என்பதே கோரிக்கை.

உழைப்பவர் எவருக்கும் மிதியடி அல்லர் என்பதை 1946இல் புன்னப்புரா-வயலாரில் கயிற்றுத் தொழிலாளர் நிலைநாட்டினர். அம்மரபே இன்றும் வழிகாட்டும்.