முன்னோர் நடந்த வழியில்: உடையும் காலணியும்



'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நாம் பலகாலும் கேட்கும் பழமொழி. அவையில் நிற்பவனுக்கு அது அழகைக் குறிப்பது. நெடுவழி நடப்பவனுக்கோ ஆடையும் காலணியும் உயிர்க்காவல். இதனை விளக்க, அமெரிக்க நாட்டு வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன்.

1856 முதல் 1860 வரை, மார்மன் என்று வழங்கப்படும் சமயத்தாருள் ஏறத்தாழ 3,000 பேர், மேற்கே சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறும்பொருட்டுக் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தே சென்றனர். மாட்டு வண்டி வாங்கப் பொருளில்லாத ஏழைகள் அவர்களுள் மிகப் பலர். அயோவா நகரிலிருந்து புறப்பட்டோர் நடந்த தொலைவு ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். இன்று அந்நாட்டு இளைஞர்கள் கோடைகாலத்தில் பழைய உடை அணிந்து, கைவண்டி இழுத்து, சில நாட்கள் நடந்து அப்பயணத்தை நினைவுகூர்கின்றனர். அவர்கள் எதை உடுத்துவது, காலில் எதை அணிவது?

பழைய உடைகளுள் பெரும்பாலானவை காரணம் பற்றி அமைந்தவை. பெண்களின் வெயில் குல்லாய் முகத்தையும் கழுத்தையும் காத்தது. ஆடவரின் அகன்ற விளிம்புத் தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் அவ்வாறே. ஆகவே இவற்றைத் தயங்காமல் மேற்கொள்ளலாம். ஆனால் நீண்ட பாவாடையின் விளிம்பு கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். தரையில் புரண்டால் வண்டி இழுப்பவளின் காலை அதுவே தடுக்கும். அடுப்பருகே தீயையும் பற்றும். ஜீன்ஸ் அணிந்தால் பழைமை தோன்றும் என்று எண்ணுவோர் உண்டு. செப்பாணி அடித்த அந்தக் காற்சட்டைக்கு உரிமை பெறப்பட்டது 1873-இல்தான்! மேலும், அது நனைந்தால் எளிதில் உலராது.

துணியின் இயல்பையும் அறிதல் வேண்டும். பகல் வெயிலுக்குப் பருத்தி நன்று. ஆனால் நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை இழுத்துவிடும். கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு வெப்பம் காக்கும். மேட்டுநிலத்தில் கோடையிலும் இரவு குளிரும். ஆதலின் பையில் ஒரு கம்பளி மேற்சட்டை இருத்தல் வேண்டும். நைலான் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்பருகே அது ஆகாது.

காலணியில் மட்டும் முன்னோரைப் பின்பற்ற வேண்டா என்பது என் கருத்து. இடக்கால், வலக்கால் வேறுபாடின்றிச் செய்த காலணிகளும் அந்நாளில் வழக்கில் இருந்தன. அவற்றைப் போலச் செய்து அணிவதால் புண்தான் மிஞ்சும். இக்காலத்து நல்ல நடைக்காலணியையே அணிக. அதுவும் பல வாரங்கள் நடந்து காலுக்குப் பழகியதாய் இருக்கட்டும். நான் ஆசிரியனாயிருந்தபோது மாணவரை மலைப்பயணம் அழைத்துச் செல்லுமுன் அவர்களுடைய காலணியைத்தான் முதலில் பார்ப்பேன். பளபளக்கும் புதுக்காலணியுடன் வந்தவன் மாலைக்குள் நொண்டாமல் இருந்ததில்லை. ஈரத்தில் தோல் மென்மையாகும்; மென்மையான தோல் உராய்வினால் கொப்புளிக்கும். ஆகவே மாற்றுக் காலுறைகள் இன்றியமையாதவை. ஆறு கடக்க வேறொரு பழைய காலணி இருப்பது நலம்.

இவையெல்லாம் சிறு செய்திகள் என்று நினைக்காதீர்கள். 1856-இல் மார்ட்டின் குழுவினர் மிகவும் காலந்தாழ்ந்து புறப்பட்டனர். முன்பே ஒருவருக்கு 17 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 8 கிலோ சுமையே அனுமதி. அக்டோபர் மாதத்தில், டியர் கிரீக் என்னுமிடத்தில், களைப்பு மிகுதியால் அதனையும் 10 பவுண்டாகக் குறைத்தனர். போர்வைகளும் உடைகளும் எரிக்கப்பட்டன. சில நாட்களில், 19-ஆம் தேதி, நார்த் பிளாட் ஆற்றின் குளிர்நீரில் இறங்கிக் கடந்தபோது பனிப்புயல் வந்தது. இக்குழுவிலும் இதற்கு முன்சென்ற வில்லி குழுவிலுமாக 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோரிலும் உறைபனியால் கால் விரல்களை இழந்தோர் உண்டு.

முன்னோரைப் போற்றுவது அவர்கள் பட்ட புண்ணை நாமும் படுவதன்று. எரிந்துபோன அந்தப் போர்வை ஒன்று மீண்டும் கிடைத்திருந்தால் அவர்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்! ஆதலின், நெடுவழி செல்லும் எவரும் தம் பையிலுள்ள ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, 'நீ எனக்கு என்ன செய்வாய்?' என்று கேட்டுப் பார்க்கட்டும். விடை தருவதை வைத்துக்கொள்க; தராததை வீட்டில் விட்டுச் செல்க.