மைதானம் இருந்த பள்ளிக்கூடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



"பொறியியல் மாணவனுக்கு விளையாட்டு எதற்கு?" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இன்று மாலைப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது, எல்லோருக்கும் தெரியும். நம் மைதானத்தின் வடக்குப் பகுதியில் சங்க நிதியிலிருந்து ஒரு கலையரங்கம், கீழே கார் நிறுத்தும் இடம். வரைபடம் பார்த்தேன். நல்ல வரைபடம். கட்டடம் கட்டுவதுதான் என் பிழைப்பு, நான் அதைக் குறை சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் கையைத் தூக்குவதற்கு முன்னால், சாந்தோமில் இருக்கிற ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தின் கதையைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள்.

செயின்ட் பீட்ஸ். நான் அங்கே படித்தவன் இல்லை. கோபாலபுரத்துப் பையன். நான் படித்த பள்ளியில் மூன்று மாடி இருந்தது, மைதானம் கிடையாது. பி.டி. பீரியடு என்று டைம்டேபிளில் போட்டிருக்கும். பெல் அடித்ததும் கணக்கு வாத்தியார் புன்சிரிப்போடு உள்ளே வருவார். சாயங்காலம் கோபாலபுரம் மைதானத்துக்கு ஓடுவோம். அங்கே ஒரே நேரத்தில் ஐந்து மேட்ச் நடக்கும். நமக்கு மிட்-விக்கெட்டில் நிற்பவன் பக்கத்து மேட்சுக்கு ஸ்லிப்பில் நிற்பான். எந்தப் பந்து எவனுடையது என்ற பஞ்சாயத்திலேயே இருட்டிவிடும்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, நண்பனோடு சைக்கிளில் கதீட்ரல் ரோடு, ராதாகிருஷ்ணன் சாலை வழியாகக் கடற்கரை வரை போய், வலது பக்கம் திரும்பி சாந்தோம் போனோம். (கதீட்ரல் ரோட்டுக்குப் பெயர் சாந்தோம் தேவாலயத்தால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலால் வந்தது.) செயின்ட் பீட்ஸ் மைதானத்தில் பையன்கள் வெள்ளை உடையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு மேட்ச். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு முழு மைதானம்! எனக்கு வந்த பொறாமையை இன்றுவரை மறைக்க முடியவில்லை.

அந்தப் பள்ளி தொடங்கியது 1907-ல். அப்போது சாந்தோம், போர்ச்சுகீசியரின் மேற்பார்வையில் இருந்த மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் தலைமையிடம். சென்னை மறைமாவட்டமும் மயிலாப்பூரும் ஒன்றாகி மெட்ராஸ்-மயிலாப்பூர் ஆனதெல்லாம் 1952-ல்தான். பீட் என்பவர் ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த துறவி, சரித்திரம் எழுதியவர். சரித்திர ஆசிரியர் பெயரில் உள்ள பள்ளி கிரிக்கெட்டால் பெயர் வாங்கியது வேடிக்கைதான்.

அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் பள்ளிகளை ஐரோப்பியப் பள்ளிகள் என்பார்கள். ரயில்வே, தந்தி, சுங்கம் என்று வேலைக்குப் போகும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த இடங்கள். அவர்களுக்கு விளையாட்டு பாடத்துக்கு இடைஞ்சல் இல்லை, பாடத்தில் ஒரு பாகம். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல்முறை ஹாக்கித் தங்கம் வாங்கியபோது அணியில் பாதிக்கு மேல் ஆங்கிலோ இந்தியர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு மைதானம் கிடைத்தது வேறு கதை. வெள்ளைக்காரர் கிளப்பில் சரிசமமாக நடத்த மாட்டார்கள் என்பதால் மயிலாப்பூர் லஸ் பக்கத்துப் புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கவேண்டி வந்தது. ஆக, மைதானம் யாருக்கு என்ற கேள்வி இந்த ஊரில் நேற்று வந்ததல்ல.

பிறகு மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பையன்கள் ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்குள் இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள்? இங்கே ஒரு சட்ட விஷயம் இருக்கிறது, வக்கீல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். அரசியல் சட்டத்தின் 337-வது பிரிவு, ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்கு அதுவரை கிடைத்த மானியத்தைச் சுதந்திரத்துக்குப் பிறகும் பத்து வருடம் தொடர்ந்தது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறைத்துக்கொண்டே. கூடவே ஒரு நிபந்தனை: மானியம் வேண்டுமென்றால் வருடா வருடம் சேர்க்கையில் 40 சதவீத இடமாவது மற்ற சமூகத்தாருக்குத் திறந்திருக்க வேண்டும். அதே காலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கப்பலேறின. பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'ஆங்கிலோ இந்தியன்' நின்றது, வகுப்பறையில் நம் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்கென்று இருந்த தனிப் பாடத்திட்டமும் 2011-ல் சமச்சீர் கல்வியோடு கரைந்துவிட்டது. என் கணிப்பில், வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிகள் கொடுத்த பெரிய சொத்து இங்கிலீஷ் இல்லை, மைதானம்.

யார் யார் அதில் ஓடினார்கள் என்று பாருங்கள். ரவிச்சந்திரன் அஸ்வின் பத்மா சேஷாத்ரி, செயின்ட் பீட்ஸ் இரண்டிலும் படித்தவர். மேற்கு மாம்பலம் தெருவில் ஆடிய பையன், 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்துவிட்டு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அவரும் நம்ம ஜாதிதான், பி.டெக். தகவல் தொழில்நுட்பம். எனக்குக் கிட்டத்தட்ட அவர் வயது. அவர் விக்கெட் எடுத்தபோது நான் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாஷிங்டன் சுந்தரும் செயின்ட் பீட்ஸ் மாணவர். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன், அதில் இவர் பங்கு 62. 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோற்காத ஆஸ்திரேலியாவை நம்மவர்கள் சாய்த்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு அவரைக் கிறிஸ்தவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்பா சுந்தர் ஓர் இந்துக் குடும்பத்துக்காரர். சின்ன வயதில் திருவல்லிக்கேணியில் வசதியில்லாமல் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த அவருக்கு, பக்கத்துத் தெருவில் இருந்த பி.டி. வாஷிங்டன் என்ற ஓய்வுபெற்ற ராணுவக்காரர் யூனிபாரம் வாங்கிக் கொடுத்தார், பள்ளிக் கட்டணம் கட்டினார், சைக்கிளில் வைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார். 1999-ல் அவர் காலமானார். அதே வருடம் பிறந்த மகனுக்குச் சுந்தர் அந்தப் பெயரை வைத்தார். அந்த சைக்கிள் போய்ச் சேர ஒரு மைதானம் இருந்ததே, அதைக் கவனியுங்கள்.

மைதானம் மட்டும் போதுமா என்றால், போதாது. அனுமதி வேண்டும். நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி 1925-ல் ஆரம்பித்தது. நிறுவனர் ஃபாதர் பெர்ட்ராம் பெயரில் நடக்கும் டென்னிஸ் போட்டி கல்லூரி மாணவர்களுக்கு மட்டும். ராமநாதன் கிருஷ்ணன் அப்போது பள்ளிப் பையன். விதிப்படி நுழைய முடியாது. முதல்வர் கோர்டன் தனி அனுமதி கொடுத்தார். 1951-ல் பையன் பட்டத்தையே ஜெயித்துவிட்டான். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், ஆசியாவிலிருந்து முதல் ஆள். 1960, 1961 இரண்டு வருடமும் அரையிறுதி. விதியைச் சொல்லி அந்தப் பையனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் யாரும் தவறென்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

எழும்பூர் டான் பாஸ்கோ 1958-ல் வந்த பள்ளி. விஜய் அமிர்தராஜ், தினேஷ் கார்த்திக், விஸ்வநாதன் ஆனந்த் மூவரும் அங்கே படித்தவர்கள். "ஆனந்துக்கு எதற்கு சார் மைதானம், ஒரு பலகை போதுமே" என்று ஒரு தம்பி காலையில் கேட்டான். சரிதான். ஆனால் போட்டிக்கு ஊர் ஊராகப் போகிறவனுக்கு லீவு வேண்டும். இங்கே நம் மாணவர்கள் மண்டலப் போட்டிக்குப் போய்விட்டு வந்து, 75 சதவீத அட்டெண்டன்ஸுக்காக ஓ.டி. கையெழுத்து வாங்க நாலு அறைக்கு அலைகிறார்கள். இரண்டு பேர் இந்த வருடம் விளையாட்டையே விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். முதல்வர் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

இனி கட்டடத்துக்கு வருகிறேன். கணக்கு இல்லாமல் பேசினால் என்னை இஞ்சினியர் என்று நம்ப மாட்டீர்கள். நாம் இழக்கப்போகும் இடம் ஏறக்குறைய ஒரு ஏக்கர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு ஏக்கரில் விழும் தண்ணீர் நான்கு லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தால் அதில் கணிசமான பங்கு உள்ளே இறங்கும். கார் பார்க்கிங் தரையாக இருந்தால் அவ்வளவும் வழிந்து பக்கத்துத் தெருவுக்குப் போகும். 2015 டிசம்பரில் இந்த ஊர் பட்டபாட்டை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. வடிகால் போடலாமே என்பீர்கள். போடலாம், நானே போட்டுத் தருகிறேன். ஆனால் அந்தப் பகுதி போனால் பவுண்டரி ஒரு பக்கம் நாற்பது கஜத்துக்கு வந்துவிடும். பிட்ச் 22 கஜம். மிச்சத்தில் கோபாலபுரம் மாதிரிதான் ஆடலாம்.

கலையரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய ஒர்க்ஷாப் ஷெட் பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் அஸ்திவாரத்தை வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் விரிசல் இருக்கிறது, இடித்துவிட்டுக் கட்ட வேண்டும், செலவு கொஞ்சம் கூடும். எவ்வளவு கூடும் என்று எஸ்டிமேட் போட்டு மூன்று பிரதி எடுத்து வந்திருக்கிறேன், செயலாளரிடம் இருக்கிறது. டிசைனுக்கு எனக்குக் கட்டணம் வேண்டாம். இடநெருக்கடியில் கார் குறைவாகத்தான் நிற்கும். சீனியர்கள் அடுத்த வருடம் ஆட்டோவில் வரவேண்டியிருக்கும்.

பொதுக்குழு நான்கு மணிக்கு. அதற்கு முன் இரண்டு மணிக்கு அதே மைதானத்தில் பழைய மாணவர் அணிக்கும் இப்போதைய மாணவர் அணிக்கும் மேட்ச். பத்து ஓவர், டென்னிஸ் பந்து. எங்கள் அணியில் இன்னும் இரண்டு பேர் குறைகிறார்கள். முட்டி வலி இல்லாதவர்கள் சாப்பிட்டதும் என்னிடம் பெயர் கொடுங்கள்.