கலிப்சோ என்னும் வாய்த்துடுக்கு



1971இல் அஜித் வடேகர் தலைமையில் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், அவர்களை அவர்கள் மண்ணிலேயே முதன்முறையாகத் தோற்கடித்துத் தொடரை வென்றது. 21 வயது சுனில் கவாஸ்கர் நான்கே டெஸ்டுகளில் 774 ஓட்டங்கள் குவித்தார். அந்த வெற்றி கிடைத்த ஊர் டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயின். தோற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லார்ட் ரிலேட்டர் என்ற பாடகர் கவாஸ்கர் மேல் ஒரு பாட்டுக் கட்டினார். தங்கள் பந்துவீச்சாளர்கள் பட்ட பாட்டைச் சிரித்த முகத்தோடு விவரித்தார். நம் சென்னை வெங்கட்ராகவனின் பெயரும் அதில் வருகிறது.

அந்தப் பாட்டை முதலில் கேட்டபோது எனக்குப் பெரிய வியப்பு. தோற்ற கதையை இப்படி வாய்நிறையப் பாடுகிறவர்கள் எப்படிப்பட்ட மக்கள் என்று தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் கலிப்சோ.

கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்திய இரண்டு நாட்கள் டிரினிடாடில் கார்னிவல். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கலிப்சோ பாடகர்கள் பாடத் தொடங்கிவிடுவார்கள். பாடும் இடத்துக்கு இன்றும் 'டென்ட்' என்றே பெயர். மூங்கில் நட்டு ஓலை வேய்ந்த பந்தலாக இருந்த நாளில் வந்த பெயர் அது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பாட்டு வேண்டும். அந்த ஆண்டில் ஊர் எதைப் பேசியதோ அதுதான் பொருள்: விலைவாசி, வாடகை, தேர்தல், அடுத்த வீட்டுச் சண்டை, அமைச்சரின் பொய்.

இந்தக் கலையின் மொழிக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. டிரினிடாடை ஆண்டது ஸ்பெயின். 1783க்குப் பிறகு அங்கே தோட்டம் போட வந்தவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். 1797இல் கைப்பற்றியது பிரிட்டன். கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். இத்தனை பேருக்கும் நடுவில் உழைப்பாளிகள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட பேச்சு, பிரெஞ்சுச் சொற்களும் ஆப்பிரிக்க நடையும் கலந்த 'பத்துவா'. கலிப்சோ முதலில் அதில்தான் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு மாறியது. அந்தத் தொடக்கக் காலத்தில் ஆங்கிலத்தில் புகழ்பெற்ற பாட்டு ஒன்று, தலைநகரின் நகரசபையை ஒழித்த கவர்னர் ஜெர்னிங்ஹாமைக் கண்டித்தது. ஆள்பவர்களின் மொழியை வாங்கி, அதிலேயே ஆள்பவர்களைக் கேள்வி கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கொச்சை என்று ஒதுக்கப்பட்ட தெருப் பேச்சுக்கு மேடையில் மதிப்பு கிடைத்ததும் கலிப்சோவால்தான்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1880களில் கார்னிவலில் முரசு கொட்டத் தடை வந்தது. மக்கள் மூங்கில் குழாய்களைத் தரையில் தட்டித் தாளம் போட்டார்கள். பின்னர் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டிச் சுருதி சேர்த்து 'ஸ்டீல் பேன்' என்ற வாத்தியத்தையே படைத்தார்கள். 1934இல் பாட்டுகளைப் போலீசார் தணிக்கை செய்ய வழிவகுக்கும் சட்டம் வந்தது. அதை எதிர்த்துப் பாடியவர்களில் முன்னணியில் நின்ற 'அட்டிலா தி ஹன்', 1950இல் சட்டசபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயர்களைக் கவனியுங்கள்: அட்டிலா, லார்ட் கிச்சனர், மைட்டி ஸ்பாரோ. பட்டம் தரும் அதிகாரம் லண்டனில் இருந்த காலத்தில், ஏழைப் பாடகர்கள் தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டார்கள்.

கலையின் நுட்பம் இரண்டு. ஒன்று சிலேடை. மேலே குழந்தைப் பாட்டு, உள்ளே அரசியல். மற்றொன்று 'பிக்காங்': இருவர் எதிரெதிரே நின்று, அந்தக் கணத்திலேயே அடி கட்டி ஒருவரையொருவர் வாரிவிடுவது. நம் லாவணி கேட்டவர்களுக்கு அதன் சுவை உடனே புரியும்.

அரசியலில் இந்த வாய்த்துடுக்கு என்ன செய்தது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1956இல் எரிக் வில்லியம்ஸ் ஆட்சிக்கு வந்தபோது அவரைக் கொண்டாடிப் பாடியவர் ஸ்பாரோ. 1964இல் உள்துறை அமைச்சர் ஒருவர், காவல் நிலையத்தில் இருந்த தன் மனைவியின் மகனை வெளியே அழைத்துவந்துவிட்டார். கூச்சல் எழுந்தது, பதவி விலகினார். ஆனால் சில நாட்களிலேயே பிரதமர் வில்லியம்ஸ் அவருக்கு வேறு துறை கொடுத்தார். அடுத்த கார்னிவலில் ஸ்பாரோ பாடினார், பிரதமரின் குரலிலேயே. நான் வைத்ததுதான் சட்டம், பிடிக்காதவர்கள் வெளியே போங்கள் என்று பிரதமர் மிரட்டுவதாக அந்தப் பாட்டு. ஸ்பாரோ திட்டவே இல்லை. பிரதமரை அப்படியே பேசவைத்தார், அவ்வளவுதான். ஆதரவாளன் ஒருவன் தன் தலைவனை இப்படிக் கேட்க முடிந்ததே, இதைத்தான் கலிப்சோவின் உச்சம் என்று நான் கருதுகிறேன்.

குறையையும் சொல்லியாக வேண்டும். 1956இல் கார்னிவல் போட்டியில் ஸ்பாரோவுக்கு மகுடம் வாங்கித் தந்த 'ஜீன் அண்ட் டைனா', தீவில் தளம் போட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் கிளம்பிப் போனபின் பிழைப்பிழந்த ஏழைப் பெண்களை எள்ளும் பாட்டு. அதன் மெட்டு என்னைக் கட்டிப்போடுகிறது, பொருள் எனக்கு வலிக்கிறது. நெடுங்காலம் இது ஆண்களின் மேடையாகவே இருந்தது. 1978இல் கலிப்சோ ரோஸ் என்ற பெண் பாடகி வென்றபோதுதான் 'கலிப்சோ மன்னர்' என்ற பட்டத்தின் பெயரையே இருபாலருக்கும் பொதுவாக மாற்றினார்கள்.

இன்னொரு குறை நம்மோடு தொடர்புள்ளது. 1845 மே 30 அன்று ஃபாட்டல் ரசாக் கப்பல் இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு டிரினிடாடில் கரை சேர்ந்தது. 1917 வரை ஏறத்தாழ 1,43,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு, அவர்களுக்கு அங்கே 'மதராசி' என்று பெயர். 1979இல் பிளாக் ஸ்டாலின் என்ற பெரும் பாடகர், கரீபிய மக்கள் ஒரே இனம், ஒரே பயணத்தில் வந்தவர்கள் என்று பாடி மகுடம் வென்றார். எங்கள் கப்பல் எங்கே என்று இந்திய வம்சாவளியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தீவு முழுக்க விவாதம் நடந்தது. 1995இல் அதே ஸ்டாலின், இந்தியும் ஆங்கிலமும் கலந்து பாடிய இந்திய வம்சாவளிப் பாடகர் சுந்தர் போப்போவைப் போற்றி ஒரு பாட்டுப் பாடினார். அந்த ஆண்டும் மகுடம் அவருக்கே. பதினாறு ஆண்டுகள் கழித்து ஒரு பாட்டுக்கு வந்த பதிலாகவே அதை நான் கேட்கிறேன்.

இன்று கார்னிவலில் ஓங்கி ஒலிப்பது 'சோகா'. 1970களில் லார்ட் ஷார்ட்டி, இந்தியத் தாளங்களையும் சேர்த்து உருவாக்கிய ஆட்டப் பாட்டு. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் சொல் குறைந்துவிட்டது. டென்ட்டுகளில் கூட்டமும் குறைந்திருக்கிறது.

நேயர்களே, ரிலேட்டரின் கவாஸ்கர் பாட்டிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கிறது. முதல் முறை பேச்சு பிடிபடாது. விடாமல் மூன்று முறை கேளுங்கள், வெங்கட்ராகவன் பெயர் காதில் விழும். பிறகு ஸ்டாலினின் அந்த இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.