சந்தில் நுழையும் நீர்



அணுவைப் பற்றியும் விண்கலங்களைப் பற்றியும் பேசத்தக்க இந்த வேளையில், குளியலறையில் ஷவர்க் குழாயைச் சுற்றியுள்ள ஒரு சிறு சந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொருள் மிகச் சிறியது என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்தச் சந்தின் அகலம் ஒரு தலைமயிரின் பருமனுக்கு மேல் இராது என்பதும் உண்மையே. ஆயினும் அது இரண்டு குடும்பங்களைப் பல மாதங்கள் முகங்கொடுத்துப் பேசாதபடி செய்ததை நான் அறிவேன். அவ்விரண்டில் ஒன்று என்னுடைய குடும்பம்.

நாங்கள் குடியிருப்பது அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் முதல் மாடி. ஒருநாள் காலையில் எங்கள் குளியலறையை ஒட்டிய கூடத்தில், கூரையின் அடிப்புறத்தில் உள்ளங்கையளவு மஞ்சள் கறை ஒன்று தோன்றியிருந்தது. ஒரு வாரத்தில் அது முறத்தளவு பரந்தது. மேல் வீட்டாரிடம் சென்று சொன்னேன். அவ்வீட்டு அம்மையார், "எங்கள் குழாய் எதுவும் ஒழுகவில்லை, வேண்டுமானால் நீங்களே வந்து பாருங்கள்" என்றார். பார்த்தேன். குழாய்கள் ஒழுகவில்லை, தரையில் வெடிப்பு இல்லை. ஆனாலும் என் வீட்டுக் கூரை நனைந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. பூசலுக்கு வேறென்ன வேண்டும்?

கொத்தனார் ஒருவர் வந்தார். மேல் வீட்டுக் குளியலறையில் பீங்கான் ஓடுகளின் இடுக்குகளிலும், சுவர் மூலைகளிலும், ஷவர்க் குழாயைச் சுற்றியும் வெள்ளைச் சிமெண்டைக் குழைத்துப் பூசினார். கறை உலர்ந்தது. நான்கு மாதம் கழித்து மீண்டும் வந்தது. இம்முறை சினத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பள்ளியில் படித்த விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தோம்.

முதலில் கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் தேதியைக் குறித்தேன். அதன் பின்னர் மேல் வீட்டார் பத்து நாள் வெளியூர் சென்றனர். அந்நாட்களில் அவர்கள் வீட்டுக்கு வரும் குழாயில் நீர் எப்போதும்போல் அழுத்தத்துடன் நின்றது, குளிப்பவர்தாம் இல்லை. கறை உலரத் தொடங்கியது. ஆகவே, நீரைக் கொண்டுவரும் குழாய் உடையவில்லை என்பது தெளிவாயிற்று. அது உடைந்திருந்தால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கசிவு நின்றிராது.

அவர்கள் திரும்பியதும், தரையிலுள்ள வடிகாலின் வாயை அடைத்து, ஓரங்குல உயரத்துக்கு நீரைத் தேக்கி ஒரு நாள் முழுதும் விட்டோம். பென்சில் கோட்டைத் தாண்டிக் கறை பரவவில்லை. தரை குற்றமற்றது. அடுத்து, வடிகால் வழியாகக் குடம் குடமாக நீரை ஊற்றினோம். அப்போதும் மாற்றமில்லை. கடைசியாக, ஷவரைத் திறந்து, குழாய் வெளிவரும் சுவரின் மேல் அரை மணி நேரம் நீர் விழச் செய்தோம். மறுநாள் காலையில் கோட்டுக்கு வெளியே புதிய ஈரம் தெரிந்தது. குற்றவாளி அகப்பட்டது. சுவரிலிருந்து குழாய் வெளிவரும் துளையை மறைத்து ஒரு வட்டத் தகடு இருக்குமல்லவா? அந்தத் தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் கொத்தனார் பூசிய சிமெண்டு மயிரிழைபோல் வெடித்திருந்தது.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவ்வளவு நுண்ணிய வெடிப்பில் நீர் எவ்வாறு நுழைகிறது? பூசிய சிமெண்டு நான்கே மாதத்தில் ஏன் வெடித்தது?

முதற் கேள்விக்கு விடை நம் வீட்டு அகல்விளக்கில் இருக்கிறது. கீழே இருக்கும் எண்ணெய் திரியின் வழியே மேலேறிச் சுடருக்கு வருகிறது. திரியின் நூல்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் எண்ணெயை இழுக்கின்றன. இதையே நுண்புழை ஏற்றம் என்கிறோம். துளையின் விட்டம் 1 மில்லிமீட்டராக உள்ள தூய கண்ணாடிக் குழலை நீரில் நிறுத்தினால், நீர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயரும். விட்டம் அதில் பத்தில் ஒரு பங்கானால், உயரம் பத்து மடங்காகி 30 சென்டிமீட்டர் ஆகிவிடும். புழை குறுகக் குறுக இழுப்பு மிகுகிறது. ஆதலின், 'இவ்வளவு சிறிய வெடிப்பில் என்ன நுழைந்துவிடும்?' என்று நாம் அலட்சியம் செய்வது தவறு. பெரிய துளையில் நீர் விழுகிறது. சிறிய துளையோ நீரை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய நீர் ஓடுகளுக்குப் பின்னால், நம் கண்ணுக்குப் படாமல் கீழிறங்குகிறது. சோப்பு நுரை கலந்த நீராயின், அது பரப்பை இன்னும் எளிதில் நனைத்துப் பரவுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கட்டடம் அசையாப் பொருள் என்று சட்டம் சொல்லலாம். பௌதிகம் அதை ஒப்புக்கொள்ளாது. வெப்பத்தால் ஒவ்வொரு பொருளும் விரிகிறது. ஆனால் எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. 3 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட்டின் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால், அது மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கே நீளும். அதே நீளமுள்ள பி.வி.சி. குழாயோ ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளும். வெந்நீர் ஓடும்போதும் நின்றபின் குளிரும்போதும் இந்த இழுபறி நிகழ்கிறது. அதனோடு, நாள்தோறும் குழாயைத் திருகும் கையின் விசையும் சேர்கிறது. சிமெண்டுக் கலவை அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது. இழுப்பைத் தாங்குவதில் எளியது. கான்கிரீட்டை எடுத்துக்கொண்டால், அது தாங்கும் இழுவிசை அது தாங்கும் அழுத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கே. அசைகின்ற இரண்டு பொருள்களுக்கு நடுவில் வளையாத ஒன்றை வைத்தால் அது உடையத்தான் செய்யும். கொத்தனாரின் கையில் குறையில்லை. அவர் எடுத்துக்கொண்ட பொருள்தான் அந்த இடத்துக்கு ஏற்றதன்று.

மூட்டுகளில் இளகிய பொருளை வைக்க வேண்டும் என்ற இந்த அறிவு புதியதன்று. மரக்கலம் கட்டும் நம் கடற்கரை மக்கள், பலகைகளுக்கு இடையேயுள்ள சந்துகளில் பஞ்சையும் நாரையும் திணித்துக் கீல் பூசி அடைப்பர். இத்தொழிலுக்குக் கலப்பற்று என்பது பெயர். அலையில் மரம் அசையும். அடைப்பும் அதனோடு அசைந்து கொடுக்கும். இன்னும் முன்னே சென்றால், சிந்து நதிக்கரையில் மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் காணலாம். 1920களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அக்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, ஜிப்சச் சாந்திட்டு இணைத்ததோடு அதைக் கட்டியவர்கள் நின்றுவிடவில்லை. சுவருக்குப் பின்னால் நிலக்கீலைக் கனமாகப் பூசினார்கள். தரையை ஒரு மூலை நோக்கிச் சாய்த்து, நீர் வெளியேற வழியும் வைத்தார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தக் குளத்தில், இன்றைய குளியலறைக்கு வேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கீல் செய்த வேலையை இன்று நம் வீடுகளில் சிலிக்கோன் என்னும் பொருள் செய்கிறது. அதன் வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் பேராசிரியராக இருந்த பிரடெரிக் ஸ்டான்லி கிப்பிங், மணலிலுள்ள சிலிக்கன் என்ற தனிமத்தையும் கரியையும் இணைத்த சேர்மங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் நாடியவை தூய படிகங்கள். ஆனால் கிடைத்தவற்றுள் பல, பிசின்போல் ஒட்டும் பொருள்கள். அவற்றால் விரைவில் பெரும்பயன் விளையும் என்று அவர் நம்பவில்லை. ஆனால் இரண்டாம் உலகப்போரின்போதே, விமான எஞ்சின்களின் மின்பகுதிகளில் ஈரம் புகாமல் காக்க அவ்வினப் பொருள்கள் பயன்பட்டன. அவற்றைச் செய்வதற்கென்றே 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டௌ கார்னிங் நிறுவனம் தோன்றியது. கிப்பிங் 1949 வரை வாழ்ந்தார்; தாம் ஒதுக்கிய பிசின் தொழிலாக வளர்ந்ததை அவர் காலத்திலேயே உலகம் கண்டது.

சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலியே சிலிக்கோனின் உடல். சங்கிலி எளிதில் வளைவதால் பொருள் இரப்பர்போல் நீண்டு சுருங்குகிறது. சங்கிலியின் புறத்தே அமைந்த கரிமத் தொகுதிகள் நீரை ஒட்டவிடுவதில்லை. குழலிலிருந்து பிதுக்கும்போது பசைபோல் வருவது, காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று இறுகுகிறது. அப்போது சிலவகைகளில் காடியின் நெடி எழும். அது அசெட்டிக் அமிலம் வெளிப்படுவதன் அடையாளம். இவ்வமிலம் சலவைக்கல்லையும் சிமெண்டையும் பித்தளையையும் தாக்கக்கூடும். அத்தகைய இடங்களுக்கு அமிலம் விடாத நடுநிலை வகையே ஏற்றது.

பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது; செய்முறையும் செம்மையாக இருக்க வேண்டும். பழைய அடைப்பின்மேல் புதியதைப் பூசுவதே பலர் செய்யும் பிழை. இறுகிய சிலிக்கோனின்மேல் புதிய சிலிக்கோன் சரிவரப் பற்றாது. ஆதலின் பழையதை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும்; சோப்புப் படலத்தையும் பூஞ்சையையும் துடைக்க வேண்டும்; அதன்பின் சந்து நன்றாக உலரும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால், உள்ளிருக்கும் நீரை நாமே சிறைவைத்தவர்கள் ஆவோம். பூசியபின் குறைந்தது ஒரு நாளாவது நீர் படாமல் காக்க வேண்டும். ஏனெனில் அது வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல இறுகுகிறது. இவை அனைத்திலும் செலவாவது பொருளைவிடப் பொறுமையே அதிகம்.

எங்கள் மேல் வீட்டில் வேலை செய்த பிளம்பர் ஒன்று செய்தார். வட்டத் தகட்டின் மேற்புறத்தையும் இரு பக்கங்களையும் அடைத்துவிட்டு, அடிப்புறத்தில் சிறிதளவு இடத்தை அடைக்காமல் விட்டார். "அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டேன். "தப்பித் தவறி உள்ளே போகும் தண்ணீர் வெளியே வரவேண்டாமா, ஐயா?" என்றார். நம் ஏரிகளை அமைத்தவர்கள் கரையை மட்டுமா கட்டினார்கள்? மிகுந்த நீர் வழிந்தோடக் கலிங்கும் வைத்தார்கள். கலிங்கில்லாத ஏரியின் கரை எவ்வளவு வலிதாயினும் ஒருநாள் உடையும். நீரை மறிப்பது பாதி வேலை; அதற்கு வழிகாட்டுவது மறுபாதி.

ஆகவே, சந்தை அடைப்பதைக் குளியலறையின் முழுக் காப்பு என்று கொள்ளலாகாது. அது வாயிற்காவலன் மட்டுமே. தரையில் வடிகாலை நோக்கி நல்ல வாட்டம் இருக்க வேண்டும். ஓடுகளுக்கு அடியில் நீர் புகாத பூச்சு ஒன்று தரை முழுவதும் பரவி, சுவரிலும் ஏறி நிற்க வேண்டும். இவற்றைக் கட்டும்போதே செய்யாவிட்டால், பின்னர் ஓடுகளைப் பெயர்த்தே செய்ய நேரும்.

கசிவு கண்ணுக்கு அழகில்லை என்பதற்காக மட்டும் நான் இவ்வளவு சொல்லவில்லை. கான்கிரீட்டினுள் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. கான்கிரீட்டின் காரத்தன்மை அவற்றைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுக்கணக்கில் நீரும் காற்றும் புகுந்தால் அக்காப்பு குறைந்து, கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த நெருக்கத்தால் கான்கிரீட்டு பிளந்து பெயரும். எங்கள் வீட்டில் கறையிருந்த இடத்துக் காரையைக் கொத்தனார் தட்டியபோது பாளமாக விழுந்தது. அதனடியில் ஒரு கம்பி செம்மண் நிறத்தில் தெரிந்தது. அதற்கு நேர் கீழேதான் என் பேரக்குழந்தை உறங்கும் தொட்டில் கட்டியிருந்தோம். மேல் வீட்டு அம்மையார் அதைப் பார்த்தார். அதற்குப் பின் யார் குற்றம் என்ற பேச்சு எழவில்லை. துருவைத் தேய்த்துக் காரை பூசும் செலவில் பாதியை அவரே கேட்டு ஏற்றுக்கொண்டார்.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை பொறியியல் வல்லுநர்களாகலாம், மருத்துவர்களாகலாம், ஆசிரியர்களாகலாம். எதுவாயினும் மாடிவீடுகளில் குடியிருப்பவர்களாக இருப்பீர்கள். அங்கே ஒருவருடைய தரை மற்றொருவருடைய கூரை. இன்று மாலை உங்கள் வீட்டுக் குளியலறையில் குழாயைச் சுற்றியும், சுவர்கள் கூடும் மூலைகளிலும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மயிரிழையளவு வெடிப்பு கண்டால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். கீழ் வீட்டார் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.