காசு கொடுத்து வாங்கும் பயம்



கேளிக்கைப் பூங்காக்களில் ஹாலோவீன் மாதத்தில் போடும் பேய் வீடுகள்தான் இன்றைய தலைப்பு. பணம் கட்டி உள்ளே போய், அலறி அடித்துக்கொண்டு வெளியே ஓடி வருவது தேவையா என்பது கேள்வி. தேவையில்லை என்று பேசியவர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, இது நம் பண்பாடு இல்லை. இரண்டு, இது பைத்தியக்காரத்தனம். முதல் காரணத்துக்கு இப்போதே பதில் உண்டு. இரண்டாவது சொல் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

போர்டிக்சன் என்றால் எல்லோருக்கும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். கடலுக்கு முதுகைக் காட்டி உள்ளே திரும்பினால் லுக்குட், சிலியாவ், சுவா பெத்தோங், பிராட்வால் என்று தோட்டத்து மண். ரப்பர் நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அந்த வட்டாரத்தில் பல வீடுகளில் அப்படி ஒரு பாட்டி உண்டு.

விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காண்டா வாளியோடு நிரைக்குப் போனவர் அவர். ஏன் இருட்டில் போக வேண்டும்? குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மனுஷி பயப்படுவாளே என்று மரம் காத்திருக்குமா? நெற்றி விளக்கு வெளிச்சத்தில் ஒரு மரம்தான் தெரியும். அடுத்த மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அங்கே போய் நின்றால்தான் தெரியும். பாம்பு, பூரான், காட்டுப்பன்றி, இவற்றோடு கேட்ட கதைகளில் வந்த பேய்களும். தோட்டத்து எல்லையில் முனியாண்டி சாமிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிட்டது சும்மா இல்லை. பயத்துக்குள் நுழையப் பாட்டி கூலி வாங்கினார். பேரன் காசு கொடுத்து நுழைகிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்கும் முந்திய தலைமுறையின் பயம் வேறு ரகம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து 75 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ஆயிரக்கணக்கானோர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். லோரி சத்தம் கேட்டால் ஆண்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்த காலம் அது. அந்தப் பயத்துக்கு வெளியே போகும் வாசல் கிடையாது.

இப்போது பண்பாட்டுக்கு வருவோம். ஹாலோவீன் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்திலிருந்து கிளம்பி, அமெரிக்காவில் கொழுத்து, உலகம் சுற்றும் விழா. அக்டோபர் 31 இரவு. மறுநாள் கிறிஸ்துவர்களுக்குப் புனிதர் அனைவர் திருநாள். அதற்கடுத்த நாள், நவம்பர் 2, கத்தோலிக்கத் தமிழர்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும் நாள். ஆக, வேர் ஒன்றும் அவ்வளவு அந்நியமில்லை. பேய்க்குப் பயந்து சிரிக்கும் பழக்கம் மட்டும் தோட்டத்தில் இல்லாமலா இருந்தது? திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில் பேய்ப் படம் பார்த்துவிட்டு, லயத்துக்குத் திரும்பும் இருட்டு வழியில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பார்கள். ஊர் ஊராக வந்து போகும் பன்ஃபேரில் கிறீச்சிடும் தள்ளுவண்டியில் ஏற்றிப் பேய் வீட்டுக்குள் அனுப்புவார்களே, அதில் ஏறாத பிள்ளை உண்டா? மலாய் உலகத்தையே நடுங்க வைத்த பொந்தியானாக் படம் 1957இல் வெளிவந்தது. அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ். பேய் விஷயத்தில் யார் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்று கணக்குப் பார்ப்பது கஷ்டம்.

பூங்காக்கள் இதை ஒரு தொழிலாக ஆக்கியதற்குக் கதை இருக்கிறது. 1969இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் பேய் மாளிகை திறந்தார்கள். 1973இல் அதே மாநிலத்தின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா ஹாலோவீன் சமயத்தில் சில இரவுகள் மட்டும் வேஷக்காரர்களை இறக்கிப் பார்த்தது. கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. 1991இல் ஃபுளோரிடாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தொடங்கியது. 2011இல் அது சிங்கப்பூருக்கு வந்தது. அங்கே 2016இல் உணவங்காடியையே கொலைக்களமாக மாற்றி ஒரு பேய் வீடு போட்டார்கள். 2018இல் பொந்தியானாக்குக்கே தனி வீடு. 2013இல் இங்கே சன்வே லகூனில் பய இரவுகள் தொடங்கின. பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் எழுந்த பூங்கா அது. போர்டிக்சனிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரம்.

உள்ளே நடப்பது என்ன? குறுகலான நடை, இரு பக்கமும் கறுப்புத் திரை, வளைவுக்கு மேல் வளைவு. ஆறேழு பேராக உள்ளே விடுவார்கள். எல்லோரும் முன்னால் போகிறவர் தோளைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு மூலையில் சிவப்பு விளக்கடியில் ஒரு பொம்மை ஆடும். எல்லார் கண்ணும் அங்கே போகும். அந்த நொடியில் எதிர்ப்பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு படாரென்று திறந்து வேஷக்காரர் முகத்தை நீட்டுவார். தொழிலின் முழு ரகசியமும் இதுதான். நம்மூர் மாய வித்தைக்காரர் வலக்கையைக் காட்டி இடக்கையில் வேலையை முடிப்பாரே, அதே கலை. வேஷக்காரர் யாரையும் தொடுவதில்லை என்பது பொதுவான விதி. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவை அதே கதவைத் திறந்து அதே அலறலை அலறும் அந்தப் பிள்ளைகளின் தொண்டையை யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா?

சரி, பயந்தவன் ஏன் சிரிக்கிறான்? டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேய் வீட்டுக்குள் போன 110 பேருக்கு இதயத் துடிப்பு அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் குறைந்தால் ரசனை இல்லை. பயம் மிஞ்சினாலும் ரசனை இல்லை. நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அங்கேதான் ஆனந்தம். ரசத்தில் மிளகு மாதிரி. ஆனால் அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேரன் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு போகிறான். பன்னிரண்டு வயது. வாசலில் கேட்கும் சத்தத்திலேயே அவளுக்குக் கை சில்லிட்டுவிட்டது. "வேணாம் அண்ணே" என்கிறாள். கூட வந்த கூட்டம் விடுமா? "பயந்தாங்கொள்ளி" என்கிறது. ஒருவன் கையைப் பிடித்து இழுக்கிறான், இன்னொருவன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கிறான். விளையாட்டு அங்கேயே செத்துவிட்டது. வேண்டும் என்று போனால்தான் அது விளையாட்டு. இழுத்துக்கொண்டு போனால் அதற்கு வேறு பெயர். மின்னல் மாதிரி விட்டுவிட்டு அடிக்கும் விளக்கு சிலருக்கு வலிப்பை வரவழைக்கும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உள்ளே போவது ஆபத்து. வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது டிக்கெட் கொடுப்பவருக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஒரு பெரிய பூங்காவில் பேய்க் கோட்டை ஒன்று இருந்தது. லோரிகள் இழுத்துப் போகும் பெட்டிகளை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியது. 1984 மே 11ஆம் தேதி மாலை உள்ளே தீப்பிடித்தது. இருட்டில் வழி பார்க்க யாரோ பற்றவைத்த லைட்டர், மெத்தைப் பஞ்சுச் சுவரில் பட்டதாகத் தெரியவந்தது. புகையும் நெருப்பும் காட்சியின் ஒரு பகுதி என்றே சிலர் நினைத்தார்களாம். பொய்ப் பயத்துக்குப் பழகிய கண்ணுக்கு நிஜ ஆபத்து தெரியவில்லை. எட்டு இளம் பிள்ளைகள் மாண்டார்கள். தண்ணீர் தெளிக்கும் கருவியும் இல்லை, புகை உணரும் மணியும் இல்லை. வழக்கு நடந்தது, நடுவர் குழு நிறுவனத்தை விடுவித்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த நாட்டில் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குத் தீயணைப்பு விதிகள் கடுமையாயின. எனவே எந்தப் பேய் வீட்டுக்குள் போனாலும் சரி, பேய் எங்கே நிற்கிறது என்று தேடும் முன் அவசர வாசல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அங்கே கூச்சப்பட ஒன்றுமில்லை.

பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன அந்தச் சொல்லை இப்போது எடுங்கள். பைத்தியக்காரத்தனம். பேய் வீடுகளில் மனநல மருத்துவமனை என்பது ஒரு பழைய சரக்கு. கட்டு அறுத்துக்கொண்டு வரும் நோயாளிதான் அங்கே பூதம். 2016இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் இப்படி ஒன்று போட்டது. மனநோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்கும் கலிபோர்னியச் சட்டப்பிரிவின் எண்ணையே அதற்குப் பெயரில் வைத்தார்கள். நோயாளிகளின் குடும்பங்களும் மனநல அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. பூங்கா அதை மூடிவிட்டது. இங்கே என்ன வாழ்கிறது? தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911ஆம் ஆண்டிலிருந்து மக்களுக்கு மருத்துவம் பார்க்கிறது. ஆனால் அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். "இவனை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்கிறது. ஓர் அண்ணனையோ அத்தையையோ அங்கே சேர்த்துவிட்டு வெளியே சொல்ல முடியாமல் தவித்த வீடுகள் தோட்டங்களில் எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளை பேய் வீட்டுக்குள் போய்த் தன் அத்தையின் உடுப்பில் ஒரு பூதத்தைப் பார்த்தால் எப்படிச் சிரிக்கும்? ரத்தக்காட்டேரி இருக்கட்டும், எலும்புக்கூடு இருக்கட்டும். நோயாளியை மட்டும் விட்டுவிடலாம்.

பொந்தியானாக்கும் யோசிக்க வேண்டிய ஆள்தான். அவள் யார்? பிள்ளைப்பேற்றில் செத்த பெண் என்பது மலாய் நம்பிக்கை. வெள்ளை உடுப்பு, நீண்ட கூந்தல், வாழை மரத்தடி. தமிழகத்துக் கிராமங்களில் வயிற்றுச் சுமையோடு ஒரு பெண் இறந்தால் வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமையோடு போகிறவர்கள் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அங்கேயும் பேய் என்று பயந்தவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கல் நின்றது.

பூங்கா வாசலில் ஒரு நீண்ட பெஞ்சு. பாட்டி எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போகவே போகாத பேத்தி பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள். பேரன் தொண்டை கட்டிப்போய் வியர்வையோடு ஓடி வருகிறான்.

"பாட்டி, உள்ளே பொந்தியானாக் வேஷம் ஒண்ணு. செத்தே போயிட்டேன்!"

"பிரசவத்துல போனவதானேய்யா அவ?"

"ஆமா பாட்டி."

"எங்க லயத்துலயும் ரெண்டு பேரு அப்படித்தான் போனாங்க. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வர்றதுக்குள்ள." பாட்டி தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டுகிறார். "குடி. உள்ளே வேஷம் கட்டியிருக்கே அந்தப் பொண்ணு, எத்தனை மணிக்குய்யா அதுக்கு வேலை முடியும்?"

மணி அடித்துவிட்டது.